இடது தொடையில் ஒரு மச்சம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பீரியடு. மனிதனாக இருப்பது என்றால் என்ன என்று பிள்ளைகள் அதில் உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது. அதை நடத்துகிற சாந்தி டீச்சர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "ஐயா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் சமூக பாடம் எடுத்தவங்க. ஒரு அரை மணி நேரம் வந்து பிள்ளைங்ககிட்டப் பேசிட்டுப் போங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் மனிதனைப் பேசி முடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வர வேண்டும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் என்ன தப்பு இருக்கிறது, கேட்டது நல்ல மனசோடுதான். "பேச வராதும்மா. வேணும்னா எழுதித் தாரேன்" என்று சொல்லி அனுப்பினேன். எழுதியிருக்கிறேன். இதை வகுப்பில் வாசிப்பதா, கிழித்துப் போடுவதா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரித் தோப்பும், ஏரி நிறைந்தால் நெல்லும். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் அங்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வருஷம் வாத்தியார் பயிற்சி. அதில் எனக்கு நினைவிருப்பது இரண்டே விஷயம். கரும்பலகையில் கோடு போடாமல் நேராக எழுத வேண்டும். முதலில் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகுதான் பையன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொன்னால் மற்றவன் தூங்கிவிடுவான். மீதியெல்லாம் மறந்துபோயிற்று, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

வேலை கிடைத்தது கடற்கரையில். கோட்டைப்பட்டினத்துக்கு அங்கிட்டு ஒரு ஊர், அதில் ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அந்தக் குடும்பத்து ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அதற்கு முன் நான் கடலைப் பார்த்ததே இல்லை. முதல் வாரம் கருவாட்டு வாடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டுமென்றே மேசை இழுப்பறையில் கருவாடு வைத்தார்கள்.

தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் சமஸ்தானத்துப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கழுத்து மூடிய கோட்டு, வேட்டி, தலைப்பாகை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கிழிந்த துண்டோடு ஒரு தகப்பன் வாசலில் வந்து நின்றாலும் நாற்காலியை விட்டு எழுந்துதான் பேசுவார். தப்புச் செய்த ஆசிரியரைக் கூப்பிட்டால் உட்காரச் சொல்வார். மூலையில் இருக்கும் மண்பானையிலிருந்து தானே ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு எதிரில் வைப்பார். பிறகு நாம் எழுதிய காகிதத்தை நம் கையிலேயே கொடுத்து, "கொஞ்சம் வாசிங்க" என்பார். வாசித்து முடித்ததும், "உங்க கையெழுத்துதானே?" என்பார். அவ்வளவுதான் தண்டனை. அந்தத் தண்ணீரை யாரும் குடித்ததாகத் தெரியவில்லை.

பாடக் குறிப்பைத் திங்கட்கிழமை காலையில் அவர் மேசையில் வைக்க வேண்டும். வரி வரியாகப் படித்துச் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். குறிப்பில் இல்லாததை வகுப்பில் பேசக் கூடாது. பேசினால் எப்படியோ தெரிந்துவிடும், வராந்தாவில் செருப்பில்லாமல் நடப்பார்.

சரித்திரமும் பூகோளமும் தனித்தனியாக இருந்ததைச் சேர்த்துச் சமூக பாடம் ஆக்கியிருந்த காலம் அது. பதினோராம் வகுப்புக்கு முதல் பாடம் மனிதன். மற்றப் பிராணிகளிலிருந்து மனிதன் எப்படி வேறுபடுகிறான் என்பதற்கு நான்கு குறிப்பு. நிமிர்ந்து நடக்கிறான், கருவி செய்கிறான், பேசுகிறான், கூடி வாழ்கிறான். ஒரு குறிப்புக்கு ஒரு மார்க். வரிசை மாறக் கூடாது.

சாந்தி டீச்சர் இப்போது நடத்துகிற வகுப்பை நானும் ஒரு நாள், தெரியாத்தனமாக, நடத்தியிருக்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். நான்கு குறிப்பையும் எழுதிப் போடுவதற்கு முன்னால், "மனுசனுக்கும் மாட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, பயிற்சியில் சொன்னபடி கொஞ்சம் பொறுத்து, "நாகமுத்து" என்றேன்.

நாகமுத்து கடைசி பெஞ்சு. ஒரு வருஷம் தவறியவன், பதினெட்டு முடிந்திருக்கும். அவனுடைய தகப்பன் கடலோடு போய்ச் சேர்ந்தவர். மாமன் வீரய்யாவோடு லீவு நாளில் வத்தை ஏறிப் போவான். வத்தை என்பது அந்தப் பக்கத்து நாட்டுப் படகு. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துக் காய்த்திருக்கும். மெதுவாக எழுந்தான்.

"ஒரு மாடு செத்துப்போனா மத்த மாடு அது பாட்டுக்கு மேயும் சார். மனுசன் தேடிப் போவான்."

வகுப்பு சிரித்தது. "எங்கடா தேடிப் போவான்?" என்றேன்.

"கடல்ல போனவன் திரும்பலேன்னா மூணு நாளைக்கு ஒரு வத்தையும் வலை போடாது சார். சண்டைக்காரன், பக்கத்து ஊர்க்காரன், மரைக்காயர் வீட்டு வத்தை, எல்லாரும் தேடுறதுதான். உசுரோட கெடைப்பான்னு இல்ல. செத்தவன்னு தெரிஞ்சேதான் தேடுவாங்க. எங்கப்பாவ அப்படித்தான் கொண்டாந்தாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாக்பீஸை வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே தலைப்பாகை தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு மார்க் கிடையாது, உக்காரு" என்று சொல்லிவிட்டு நான்கு குறிப்பையும் எழுதிப் போட்டேன். அன்று மாலை தலைமையாசிரியர் அறையில் எனக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கப்பட்டது.

இனி அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற ஒவ்வொரு பையனுக்கும் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, மார்க், தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. வேலைக்குப் போகிறவன் அதைத்தான் காட்ட வேண்டும். புகைப்படம் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும், மச்சமோ தழும்போ. எழுத வேண்டியவர் வகுப்பாசிரியர். அடித்தல் திருத்தல் கூடாது.

முறைப்படி பார்த்தால் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணால் பார்த்து எழுத வேண்டும். நான் ஆரம்பித்தேன். முதல் பையன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பனியன் இல்லை, முதுகெல்லாம் சிரங்கு. இரண்டாவது பையன் அழுதுவிட்டான். வெயிலிலும் உப்பிலும் கறுத்த உடம்பில் மச்சத்தைத் தேடுவது சாமானியம் இல்லை. புத்தகங்களை இரண்டு நாளில் எழுதி முடித்தாக வேண்டும் என்று ஜில்லா ஆபீசிலிருந்து கடிதம் வேறு.

ஆசிரியர்கள் அறையில் தமிழய்யா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், மாட்டுச் சந்தை மாதிரி பல்லப் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? முழங்கால்ல தழும்பு இல்லாத பய இந்த ஊர்ல எவன் இருக்கான்? அத ஒண்ணு போடுங்க. இன்னொண்ணு தொடையில மச்சம்னு போட்டுருங்க. எவன் வேட்டிய அவுத்துப் பாக்கப் போறான்?"

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் எதிலும் வேறு மாதிரி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மறைவான இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டால் வம்பில்லை என்பது எங்கள் கணக்கு. நானும் உட்கார்ந்து இடது தொடை, வலது தொடை, இடுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒரே மத்தியானத்தில் முடித்தேன். நாகமுத்துவுக்கு வந்தது இடது தொடையில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அன்றைக்குத் தலைமையாசிரியர் பாராட்டினார்.

டிசம்பரில் அரைப்பரீட்சை லீவு விட்டது. வாடைக் காற்று. நாகமுத்து மாமனோடு கடலுக்குப் போனான். மறுநாள் வத்தை கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த வீரய்யாவை வேறு வத்தைக்காரர்கள் தூக்கிக் கொண்டுவந்து போட்டார்கள். காய்ச்சலில் பேச்சில்லை. பையனைக் காணோம். அவன் சொன்ன மாதிரியே மூன்று நாள் ஒரு வலையும் விழவில்லை. கரையில் நின்று பார்த்தேன். கடல் முழுக்க வத்தைகளின் பாயாக இருந்தது.

ஐந்தாம் நாள் முற்பகல் சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் சீட்டோடு வந்தார். தெற்கே இரண்டு மைலில் ஒரு பிரேதம் ஒதுங்கியிருக்கிறது, முகம் தெரியவில்லை. அதே வாரத்தில் சிலோனுக்குப் போன கள்ளத்தோணி ஒன்றும் கவிழ்ந்ததாகத் தகவல். ஆகையால் பையனின் பள்ளிப் பதிவேட்டோடு வகுப்பாசிரியரை அனுப்பவும். இதுதான் சீட்டு.

தலைமையாசிரியர் இரும்பு அலமாரியைத் திறந்து நாகமுத்துவின் புத்தகத்தை எடுத்தார். வெளியே போகிறது என்று ரெஜிஸ்தரில் எழுதி என் கையெழுத்தை வாங்கினார்.

"சார், நான் பாத்து எழுதல" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "எத?"

"மச்சத்த. எல்லாருக்கும் சும்மா போட்டுக்கிட்டே போனேன்."

கொஞ்ச நேரம் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும். எனக்கு முன்னால இருந்தவருக்கும் தெரியும். இந்த அலமாரியில இருந்து போன புஸ்தகத்தக் காட்டி ரயில்வேல இருக்கான், பட்டாளத்துல இருக்கான், தாலுகா ஆபீஸ்ல இருக்கான். மீன் புடிக்கிற வீட்டுப் புள்ளைங்க, மொத மொத மாசச் சம்பளம் வாங்குறவங்க. ஒரு புஸ்தகம் பொய்யின்னு போலீஸ் எழுதிட்டா அத்தனையும் பொய்யாயிரும். உங்க வேலை போறது இருக்கட்டும், நான் அதுக்காகச் சொல்லல. அந்தப் பையன் செத்துட்டான். மத்தவங்க இருக்காங்க."

"அந்தத் தாய்க்கு என்ன சார் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எழுதியிருக்கிறத வாசிங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உடம்பப் பாத்தா அவங்களே முடிவு பண்ணிருவாங்க."

அதைத்தான் நம்பிக்கொண்டு போனேன். தாய் பார்த்துச் சொல்லிவிடுவாள், புத்தகத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று.

கரையில் கூட்டம். சப் இன்ஸ்பெக்டர், கிராம முன்சீப், தலையாரி, பஞ்சாயத்தாராகக் காசிம் மரைக்காயரும் இன்னும் நாலு பேரும். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் நடுவில் நாகமுத்துவின் தாய் ராக்காயி. வாய்க்கரிசி போடுவதற்கு முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்து எடுத்து வந்திருந்தாள். அந்த முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பிரேதத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். முகத்தை மீன் தின்றிருந்தது. வலது முழங்காலும் போயிருந்தது. இடது தொடை மட்டும் துளிக் காயமில்லாமல் இருந்தது.

"வாசிங்க சார்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். வாசித்தேன். தலையாரி துணியை விலக்கினார். சப் இன்ஸ்பெக்டர் குனிந்து நன்றாகப் பார்த்தார். மச்சம் இல்லை.

ராக்காயி எழுந்து வந்தாள். "ஐயா, இது எம்புள்ளதான். இந்தக் காலப் பாருங்க. சுண்டுவெரலு பக்கத்து வெரலு மேல ஏறிக் கெடக்கும். எனக்கும் அப்படித்தான்." தன்னுடைய காலை அந்தக் காலுக்குப் பக்கத்தில் மணலில் வைத்தாள். நான் பார்த்தேன். இரண்டு காலும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"அந்தப் பொம்பள சொல்றத வச்சு எழுதிக்கங்களேன், பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றார் காசிம் மரைக்காயர்.

சப் இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "அஞ்சு நாளு தண்ணியில ஊறுன காலு. வெரலு எப்படி வேணும்னாலும் கோணும். ஏம்மா, ஒம்மகனுக்குத் தொடையில மச்சம் இருந்தது ஒனக்குத் தெரியுமா?"

அவள் திகைத்தாள். "வளந்த புள்ளைய்யா. நான் எங்க பாத்தேன்?"

"வாத்தியாரு பாத்து எழுதியிருக்காரு. சர்க்கார் புஸ்தகம் பொய் சொல்லாது." என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்து எழுதினதுதானே சார்?"

ராக்காயி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "சொல்லுங்க சார்" என்றாள்.

"ஆமா" என்றேன். "பாத்துத்தான் எழுதினேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நம்ம புள்ள இல்லையாம். எந்திரி ஆத்தா. எங்கிட்டாவது கரை ஏறியிருப்பான், சிலோன் போட்டுக்காரன் தூக்கியிருப்பான்" என்று அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு நடந்தாள். யாரும் அந்தப் பிரேதத்துக்காக நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. அனாதைப் பிணம் என்று எழுதித் தலையாரியிடம் விட்டார்கள், அவர் எங்கேயோ குழி தோண்டினார்.

பள்ளிக்குத் திரும்பினேன். தலைமையாசிரியர் புத்தகத்தை வாங்கி, திரும்பி வந்தது என்று எழுதினார். தண்ணீர் மொண்டு வைத்தார். அன்றைக்கு நான் குடித்தேன்.

அடுத்த ஜூனில் அதே பாடம் வந்தது. நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். மாறவில்லை. அதே நான்கு குறிப்பைத்தான் எழுதிப் போட்டேன், அதற்குப் பிறகும் பல வருஷம் போட்டேன். ஒரே ஒரு வித்தியாசம், கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். மச்சத்தை மட்டும் பார்த்து எழுதினேன். தமிழய்யா கேலி செய்தார்.

ராக்காயி வருஷம் ஒரு தடவை பள்ளிக்கு வருவாள். வாசலிலேயே நிற்பாள். "சார், அந்தப் பொஸ்தகம் பத்திரமா இருக்கா? வந்தான்னா கேப்பான்." இருக்கிறது என்பேன். ஓலைக் கொட்டானில் கருவாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு தடவை சொன்னாள்: "நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா, எவனோ ஒருத்தனப் பொதச்சிட்டு எம்புள்ளைய மறந்திருப்பேன் சார். ஒங்களுக்குப் புண்ணியம்." அந்தக் கருவாட்டை நான் வழியில் நாய்க்குப் போட்டேன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதினேன், கிடைக்கவில்லை.

வைத்தியலிங்கம் சார் ஓய்வு பெற்றுப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டார். ஒரு நாள் அங்கே பஸ் ஸ்டாண்டில் எதிரில் வந்தார். தலைப்பாகை இல்லை, ஆள் பாதியாகியிருந்தார். சௌக்கியமா என்று கேட்கவில்லை. "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்காங்க என்றேன். தலையை ஆட்டிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து நாகமுத்துவின் மாமன் வீரய்யா என்னைத் தேடி வந்தார். அவர் மகள் செல்லி நாகமுத்துவுக்கு முறைப்பெண். "அவளுக்கு இருபத்தஞ்சு ஆகப்போகுது சார். நாலு எடத்துல கேக்குறாங்க. அக்கா விட மாட்டேங்குது. நாகமுத்து வருவான், வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்னு வாசல்ல குந்திக்கிட்டு அழுவுது. நீங்க எழுதின பொஸ்தகத்த நம்பிக்கிட்டு இருக்கு. நீங்களே வந்து, அவன் போயிட்டான்னு ஒரு பொய்யாவது சொல்லுங்க சார். செல்லிக்கு வழி விடும்."

பொய் சொல்லச் சொல்லி என்னிடம் கெஞ்சினார். மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் போனேன்.

ராக்காயி மணலில் வலையை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். உட்காராமலே சொன்னேன். "அம்மா, அந்த மச்சத்த நான் பாத்து எழுதல. எல்லாருக்கும் போட்ட மாதிரி அவனுக்கும் போட்டேன். அன்னைக்குக் கரையில கெடந்தது நாகமுத்துதான். அந்த வெரல நானும் பாத்தேன்."

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "எந்தம்பி சொல்லச் சொன்னானா?"

"கேட்டாரு. ஆனா இது நெசம்."

"அன்னைக்குப் பாத்து எழுதினேன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"இன்னைக்கு இல்லேங்கிறீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "என் கண்ணு சொல்லுச்சு. என் காலு சொல்லுச்சு. படிச்ச மனுசன் சொல்றாரேன்னு ரெண்டையும் நம்பாம வந்தேன். எட்டு வருசமா ஒலையில அவனுக்கு ஒரு பிடி அரிசி சேத்துத்தான் போடுறேன் சார். ஒரு வேளை கூடத் தவறினதில்ல. அந்தச் சோத்த யாருக்குன்னு நெனச்சுப் போட்டேன்?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எடத்தக் காட்டுங்க" என்றாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். தலையாரி செத்து நாலு வருஷம். நடுவில் ஒரு புயல் அந்தக் கரையையே மாற்றிப் போட்டிருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. தெற்கே நடந்தேன். பின்னாலேயே வந்தாள். அரை மணிக்கு மேல் நடந்திருப்போம். "இன்னும் போகணுமா சார்?" என்று ஒரு தடவை கேட்டாள். முள் நிறைந்த உடைமரம் ஒன்றின் பக்கத்தில் மணல் கொஞ்சம் மேடாக இருந்தது. அங்கே நின்றேன்.

"இங்கதான்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும். நின்னு பாத்தேன்."

உட்கார்ந்தாள். முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அப்பால் போட்டாள். மணலை உள்ளங்கையால் தடவினாள். பிறகு அழுதாள். எட்டு வருஷத்து அழுகையை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

செல்லிக்கு அந்தத் தையிலேயே கல்யாணம் ஆயிற்று. எனக்கும் பத்திரிகை வந்தது, போகவில்லை. ராக்காயி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த உடைமரத்துக்குப் போய் வந்தாள். சுற்றி நாலு கல் நட்டாள். மாலையில் மாடு மேய்க்கிறவர்கள்கூட அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலில் கிடந்து அவள் செத்துப்போனாள். மகனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாளாம். வீரய்யா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

"பாத்துத் தோண்டுங்கடா. புள்ளையோட எலும்பு கெடக்கும்" என்றார் வீரய்யா. அவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலை வாரினார்கள். ஆள் ஆழம் போயிற்று. பக்கவாட்டிலும் கொஞ்சம் சரித்துப் பார்த்தார்கள். மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

வீரய்யா என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பான் போல. இல்லீங்களா சார்?"

"ஆமா" என்றேன்.